கதவடைத்த காலத்தில் கைங்கர்யம்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த திவ்யமான திருத்தலம் ஸ்ரீபெரும்பூதூர். சிவபெருமானின் சாபத்துக்கு ஆளான பூதகணங்கள் ஆதிகேசவப் பெருமாளை வழிபட்டுச் சாப விமோசனம் பெற்ற இடமாதலால் ‘பூதபுரி’ என்று புராணம் இதைப் போற்றுகிறது. அவர்களுக்காக ஆதிசேஷன் உண்டாக்கியதே அனந்தசரஸ் புஷ்கரிணி என்பர். அந்த அனந்தனே 1017-ஆம் ஆண்டில், சித்திரைத் திருவாதிரை நன்னாளில், உடையவராக இங்கே அவதரித்தார் என்பது ஆன்றோர் நம்பிக்கை. அவர் ‘தானுகந்த திருமேனி’யாக எழுந்தருளியிருப்பதும் இத்தலத்தில்தான்.

இதே ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் எனச் சுற்றிலும் சிப்காட் வளாகங்கள். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் கைபேசிகளும் கண்ணாடிகளும் இங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. ஒரகடத்தை ஒட்டி, ஏழடி உயரத் திருமேனியராய் முருகப்பெருமான் அருளும் வல்லக்கோட்டை இருக்கிறது. கிருத்திகை நாள்களில் ஷிப்டு முடிந்த தொழிலாளர்கள் சீருடையோடே வரிசையில் நிற்பதை அங்கே காணலாம். ஆலயத்தையும் ஆலையையும் நம்பி வாழும் குடும்பங்கள் இந்தச் சாலை நெடுகிலும் ஏராளம்.

2020 மார்ச் மாதத்தில் அவ்விரண்டின் கதவுகளும் ஒருசேர மூடப்பட்டன.

நின்றுபோன வீதி

2017-இல் உடையவரின் ஆயிரமாவது ஆண்டு விழாவைக் கண்டு களித்த வீதி இது. மூன்றே ஆண்டுகள் கழித்து வந்த சித்திரைத் திருவாதிரையன்று, பக்தர் கூட்டமின்றி வெறிச்சோடிக் கிடந்தது. நித்திய பூஜைகள் தடையின்றி நடந்தன. சேவிக்க வருவோர்தாம் இல்லை. செப்டம்பர் முதல் தேதி பெரிய கோயில்கள் திறந்தபோதும் தீர்த்தம், பிரசாதம் வழங்கத் தடை இருந்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். 2021 ஏப்ரல் 26 அன்று, இரண்டாம் அலையின் வேகத்தில், பக்தர்களுக்கான வாயில்கள் மீண்டும் அடைபட்டன.

சந்நிதித் தெருவில் துளசி மாலை கட்டுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். துணிக்கடைக்காரர் இன்று விற்காத சரக்கை நாளை விற்கலாம். பூவுக்கு நாளை என்பது கிடையாது. அதிகாலையில் முதல் போட்டு வாங்கிய பூ, இரவுக்குள் மாலையாகி ஒரு கழுத்தில் ஏறாவிட்டால் குப்பைதான். அர்ச்சனைத் தட்டுக் கடைக்காரருக்கு வேறொரு துன்பம். உற்சவத்தை எதிர்பார்த்துத் தேங்காய், கற்பூரம், ஊதுவத்தி ஆகியவற்றைக் கடனுக்கு வாங்கி அடுக்கியிருப்பார். உற்சவம் நின்றது, கடன் நிற்கவில்லை. நாதஸ்வரக் கலைஞர், பொம்மைக் கடைக்காரர், செருப்பு பாதுகாக்கும் மூதாட்டி என அந்தத் தெருவின் வரிசை நீளும்.

ஒரகடத்துப் பக்கம் போனாலும் இதே கதைதான். ஆலை வாசலில் தேநீர்க் கடை, மெஸ், தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வேன் என எல்லாமே ஷிப்டு மணியை நம்பி ஓடியவை. தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, வந்த தொகையில் வரிசை வீடுகள் கட்டி, வாடகையை ஓய்வூதியமாகக் கருதி வாழும் முதியவர்களும் உண்டு. ஒடிசா, பீகார், அசாம் பகுதிகளிலிருந்து வந்த இளைஞர்கள் ஊரடங்கில் வேலையிழந்து அறைக்குள் அடைந்தபோது, அவர்களிடம் ஒரு மாத வாடகையைக் கேட்கலாகாது என்று 2020 மார்ச் 29 அன்று மத்திய அரசு ஆணையிட்டது. கேட்டால் அந்தப் பிள்ளை பட்டினி. கேட்காவிட்டால் வீட்டுக்காரருக்கு மருந்துச் செலவுக்கு வழியில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாத தர்மசங்கடம் அது. மே மாதத்தில் சிறப்பு ரயில்கள் புறப்பட்டதும் பலர் ஊர் திரும்பினர், அறைகள் காலியாயின.

ஆழ்வார் தலத்தில் ஓர் அங்காடி

பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்பூதூருக்கும் இடையே உள்ளது திருமழிசை. பக்திசாரரான திருமழிசையாழ்வாரின் அவதாரத் தலம். கோயம்பேடு சந்தையில் நோய் பரவி, 2020 மே மாதத் தொடக்கத்தில் அது மூடப்பட்டபோது, மொத்தக் காய்கறி அங்காடி தற்காலிகமாகத் திருமழிசைக்கு இடம்பெயர்ந்தது. வெட்டவெளியில் கொட்டகை போட்டு, மழையிலும் சேற்றிலும் வியாபாரம் நடந்தது. செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு மீண்டும் திறக்கும்வரை, சென்னை மாநகரின் அடுப்புகளுக்குக் காய்கறி ஆழ்வார் பிறந்த மண்ணிலிருந்தே சென்றது. அங்கே மூட்டை சுமந்தவர்களின் உழைப்பையும் ஒரு கைங்கர்யம் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

பெருமாளைக் காண வராத சீடர்

கோயிலுக்குப் போக முடியாத ஏக்கம் முதியவர்களைப் பெரிதும் வாட்டியது. ‘அறுபது ஆண்டுகளாகத் தவறாத சேவை தவறிவிட்டதே, பாவமாகுமோ?’ என்று கலங்கியவர்கள் பலர். அவர்களுக்கு ஆறுதல் தரும் வரலாறு ஒன்று குருபரம்பரையிலேயே இருக்கிறது.

உடையவரின் அணுக்கச் சீடர் வடுகநம்பி. ஆசாரியனைத் தவிர வேறு தெய்வம் அறியாதவர். ஒருநாள் திருவரங்க வீதியில் நம்பெருமாள் புறப்பாடு கண்டருளினார். உடையவர் வாசலுக்கு விரைந்து சேவித்துவிட்டு, உள்ளே இருந்த வடுகநம்பியையும் அழைத்தார். அவரோ ஆசாரியனுக்காகப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். உம் பெருமாளைச் சேவிக்க நான் வந்துவிட்டால் என் பெருமாளுக்குரிய பால் பொங்கிப் போய்விடுமே என்ற கருத்தில் விடையளித்து, அடுப்படியை விட்டு அகலாமல் இருந்துவிட்டாராம். உடையவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த நிஷ்டையைக் கண்டு நெகிழ்ந்தார்.

வாசலுக்கே வந்த பெருமாளைக் காணச் செல்லாதது குற்றமாகவில்லை. ஏன்? தம்மை நம்பியிருந்த ஓர் உயிரின் நலத்துக்காக அவர் உள்ளே இருந்தார். நோய்த் தொற்றை வீட்டிலுள்ள பேரனுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் கொண்டுசேர்க்கலாகாது என்று இல்லத்திலேயே விளக்கேற்றி அமர்ந்த பெரியவர்களும் அந்த அடுப்படியில்தான் இருந்தார்கள்.

இது நமக்குப் புதிய வழக்கமும் அன்று. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியார் உள்ளே வரமாட்டார்கள். வீட்டார் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே கட்டுப்பாடு தளரும். விலகியிருப்பதையும் ஒரு விரதமாகவே நம் பாட்டிமார் கைக்கொண்டனர்.

கைகொடுத்தவை

துன்பத்தின் நடுவே சில ஆதரவுகளும் கிட்டின. இரண்டாம் அலையில் அரிசி அட்டைதாரர் குடும்பங்களுக்கு இரு தவணைகளாக 4,000 ரூபாய் வழங்கப்பட்டது. மாத ஊதியமின்றிப் பணிபுரியும் அர்ச்சகர், பட்டாசாரியார், பூசாரிகளுக்கும் 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் மளிகைப் பொருள்களும் தரும் திட்டம் 2021 ஜூனில் தொடங்கியது. தட்டில் விழும் காசையே நம்பியிருந்த சிறு கோயில் பூசாரிகளுக்கு அது காலத்தினால் செய்த உதவி. கோயில் அன்னதானக் கூடங்களில் சமைத்த உணவு, பொட்டலங்களாக மருத்துவமனைகளைச் சென்றடைந்தது.

நகரப் பகுதிகளின் தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் முதலீட்டுக் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம் 2020 ஜூனில் வந்தது. ஓராண்டில் மாதத் தவணையாகத் திருப்பினால் வட்டியில் ஏழு சதவீதம் மானியம் உண்டு. பிணை கேட்பதில்லை. கந்துவட்டிக்குப் போகவிருந்த பூக்கடைக்கும் பழக்கடைக்கும் இது ஒரு மாற்று வழி. வங்கிக் கடன்களுக்கு 2020 ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பும் கிடைத்தது. ஆனால் அது தள்ளுபடியன்று. அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறியது. இதை உணராமல் பின்னர் திகைத்தவர்கள் உண்டு. ஆகவே எந்தச் சலுகையானாலும், வீட்டில் படித்த பிள்ளைகளைக் கொண்டு நிபந்தனைகளை முழுவதும் வாசிக்கச் செய்து, அதன் பின்னரே கையொப்பமிடுவது நலம்.

நாம் செய்யக்கூடியது

கோயில் வாசல் திறந்ததும் தெருவின் வறுமை அன்றே தீர்ந்துவிடாது. கடனடைக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை பக்தர்களாகிய நமக்குச் சில கடமைகள் இருக்கின்றன.

பூவையும் துளசியையும் சந்நிதித் தெருவிலேயே வாங்குவோம்; ஐந்து ரூபாய்க்காகப் பேரம் பேசாதிருப்போம். கோயிலுக்குச் செல்ல இயலாதவர்கள், வழக்கமாகப் பூ வாங்கும் பெண்மணியிடம் சொல்லி வைத்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். இல்லத்துப் பெருமாளும் மகிழ்வார். ஒரு கால பூஜை நடக்கும் சிறு கோயில் ஒன்றுக்கு எண்ணெயோ அரிசியோ மாதந்தோறும் அளிக்கலாம். வாடகை வீடு வைத்திருப்போர் நிலுவையை ஒரே தவணையில் கேளாமல் பிரித்து வாங்கலாம். குடியிருப்போரும் வருமானம் வந்தவுடன் அதை மறவாமல் செலுத்த வேண்டும். இரு பக்கமும் பேணினால்தான் அது தர்மம்.

உடல்நலத்திலும் அசட்டை கூடாது. அறுபது வயது கடந்தோருக்கு 2021 மார்ச் முதல் தேதியிலிருந்தே தடுப்பூசி போடப்பட்டது. தடுப்பூசி குறித்து ஐயம் உள்ளோர் மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும். கூட்டமான விசேஷ நாளைத் தவிர்த்து, சாதாரண நாளின் காலை வேளையில் முகக்கவசத்துடன் சென்று சேவித்துத் திரும்புங்கள். ஆடிக் கிருத்திகையன்றுதான் முருகன் அருள்வான் என்பதில்லை. செவ்வாயன்றும் புதனன்றும் அதே வேலவன்தான் வல்லக்கோட்டையில் நிற்கிறான்.

தாம் பெற்ற திருமந்திரப் பொருள் தம்மோடு நின்றுவிடலாகாது என்று, திருக்கோஷ்டியூரில் அனைவருக்கும் அறிவித்தவர் உடையவர். அவருடைய ஊரில் அவருக்கே மாலை கட்டிய கைகள் வெறுங்கைகளாக இருக்க நாம் விடலாமா? அடுத்த முறை பூதபுரி செல்லும்போது, சந்நிதிக்குள் நுழையுமுன் வாசலில் அமர்ந்திருப்பவரிடம் ஒரு முழம் துளசி வாங்குங்கள். குடும்ப நலத்தையும் இரண்டு வார்த்தை விசாரியுங்கள். யதிராஜரின் திருவுள்ளம் நிச்சயம் உகக்கும்.

உடையவர் திருவடிகளே சரணம்.