மலைபடுகடாம் காட்டும் வழிப்பயணத்தில் தேறல்: திணையும் விருந்தும்

ஆய்வுச்சுருக்கம்

செங்கம் நோக்கிச் செல்லும் கூத்தர்க்கு வழியில் கிடைக்கும் உணவையும் தேறலையும் மலைபடுகடாம் நிரல்படக் கூறுகிறது. அத்தேறல் களிப்பின் அடையாளம் மட்டுமன்று. அது விளைந்த நிலத்தையும், ஊரார்க்கும் விருந்தினர்க்கும் உள்ள உறவையும் காட்டும் சான்றாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மலைபடுகடாம், ஆற்றுப்படை, தேறல், செங்கம், விருந்தோம்பல்

முன்னுரை

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய இது கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும். நன்னனின் தலைநகராகிய செங்கண்மா, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் ஆகும். பாட்டில் வரும் நவிரமலை பருவதமலையே என்பது அறிஞர் கருத்து. சேயாறு இன்று செய்யாறு என்னும் பெயருடன் சவ்வாது மலையில் தோன்றி ஓடுகிறது. ஆகவே இப்பாட்டின் வழியை நிலத்தோடு பொருத்திக் காண இயலும்.

மலைநிலத் தேறல்

குறிஞ்சியில் கூத்தர் பெறுவது, தேனால் ஆக்கி மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேறல். தேனுடன் நீர் சேர்ந்தால் அது இயல்பாகவே நொதிக்கும். மூங்கில் அம்மலையிலேயே வளர்வது. மூலப்பொருள், கலம் ஆகிய இரண்டும் மலையின் விளைவே. வைகறை வரை நீளும் மயக்கத்தைத் தீர்க்கும் உணவையும் புலவர் உடன் கூறுகிறார். அருவி கொணர்ந்த பழத்தின் வித்து, கடமான் தசை, முள்ளம்பன்றி இறைச்சி, புளி, மோர் ஆகியவற்றோடு மூங்கிலரிசியைச் சேர்த்துக் குறமகள் சமைத்த சோறு அது. குறவர் தம் பெண்டிரொடு நறவு உண்டு, மான்தோற் சிறுபறை ஒலிக்கக் குரவை ஆடுவதும் இப்பாட்டில் இடம்பெறுகிறது.

மருதநிலத் தேறல்

முல்லையில் பாலும் மிதவையும் முன்னிற்கின்றன. மருதத்தை அடைந்ததும் தேறல் மீண்டும் வருகிறது. ஆனால் அது வேறொரு தேறல். தசும்பு எனப்படும் குடத்திலிருந்து வார்க்கப்படும் அது, இளவெயில் வேளையில் நெற்களந்தோறும் கிடைக்கிறது. மலையில் மனைதோறும் நிகழ்ந்த விருந்து, இங்கு உழவர் தொழில் செய்யும் களத்திற்கு இடம் மாறுகிறது.

நெல்லிலிருந்து மது ஆக்கும் முறையைக் காஞ்சிக்கு வழிகாட்டும் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆறவைத்து, அடை கலந்து, இரு பகலும் இரு இரவும் கழித்துச் சாடியில் முதிரச்செய்து, விரலால் அலைத்துப் பிழிகின்றனர். அவ்வடை நெல்முளையால் ஆகியது என்பது உரை. முளைக்கும் நெல்லில் தோன்றும் நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் என்பதை நோக்க, இது பட்டறிவால் உருவான தொழில்நுட்பம் என்பது புலனாகும்.

விலையின்றிப் பெறும் விருந்து

பிரான்சின் போர்தோ, மகாராட்டிரத்தின் நாசிக் முதலிய திராட்சைப் பகுதிகளுக்கு நகரத்தார் இன்று சென்று, மது விளையும் இடத்திலேயே அதைச் சுவைக்கின்றனர். நிலத்தின் தன்மையே சுவையைத் தரும் என்னும் கருத்து அப்பயணங்களுக்கு அடிப்படை. மலைபடுகடாத்திலும் நிலமும் பானமும் பிரிக்கப்படவில்லை; வேறுபாடு உறவில் உள்ளது. திராட்சைத் தோட்டத்திற்குச் செல்பவர் விலை கொடுத்து நுகர்பவர். கூத்தரையோ மலைவாழ் மக்கள் உறவுமுறை கொண்டாடித் தடுத்து நிறுத்தி உண்பிக்கின்றனர். கவண்கல்லும் பாம்பும் அச்சுறுத்தும் வழியில், வறுமையுற்ற கலைஞர்க்கு இவ்விருந்தே உயிர்ப்பாதுகாப்பு. அதனால்தான் எங்கே எது கிடைக்கும் என்பதைப் புலவர் இத்துணை நுணுக்கமாகக் கூறுகிறார்.

முடிவுரை

தேறல், நறவு, அரியல், பிழி ஆகிய அனைத்திற்கும் ‘கள்’ என ஒரே பொருள் எழுதிச்செல்லும் வழக்கம் இவ்வேறுபாடுகளை மறைத்துவிடுகிறது. தெளிந்தது தேறல், அரிக்கப்பட்டது அரியல், பிழியப்பட்டது பிழி. இச்சொற்கள் செய்முறையைத் தம்முள் கொண்டவை. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் கொண்டு சங்கப்பாட்டை அளப்பதும் இப்பகுதிகளை ஆய்வினின்று ஒதுக்கிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை நிலவுவதால், கலங்களையும் பதங்களையும் குறிக்கும் வழக்குச்சொற்களும் அருகக்கூடும். சவ்வாது மலைப் பகுதி முதியோரிடம் தேன், மூங்கில், நொதிப்பு பற்றிய சொற்களைத் தொகுப்பது, உரைகள் சுருக்கமாகக் கூறிச்சென்ற இடங்களுக்கு விளக்கம் பெற உதவும்.