விழா காணாத பாலம்

கல்கத்தாவிலே — இப்போது கொல்கத்தா என்கிறார்கள் — ஹௌரா பாலம் அந்தி சாய்ந்ததும் வண்ணவண்ணமாக மின்னுகிறது. 2020 ஜனவரியில் பிரதமரே வந்து புதிய விளக்கலங்காரத்தைத் துவக்கி வைத்தார். ஒளியும் ஒலியும் கலந்த காட்சி! படித்துறையிலே கூடுவோர் பார்த்து மகிழ்கிறார்கள். மகிழட்டும். அழகு வேண்டாமென்று யார் சொன்னது?

ஆனால் தோழர்களே, இதே பாலம் திறக்கப்பட்ட கதை தெரியுமா? 1943 பிப்ரவரி 3. யுத்த காலம். முந்திய டிசம்பரிலேதான் ஜப்பானிய விமானங்கள் அந்நகர்மீது குண்டு வீசியிருந்தன. நகரமே இருட்டடிப்பிலே கிடந்தது. மாலையில்லை, மேளமில்லை, மேடைப் பிரசங்கமில்லை. இரவிலே ஒற்றை டிராம் வண்டி ஓடிற்று. அதுதான் திறப்பு விழா!

அதற்குமுன் அங்கிருந்தது 1874ஆம் ஆண்டு மிதவைப் பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதியைக் கழற்றுவார்கள். கப்பல் கடக்குமட்டும் கரையிலே ஜனங்கள் காத்துக் கிடப்பார்கள். ஆகவேதான் புதிய பாலத்துக்கு ஆற்றின் நடுவே தூணே வைக்கவில்லை. 1,500 அடி தூரம் இரும்பு அந்தரத்திலே நிற்கிறது!

வரைபடம் போட்டவர்கள் லண்டன் நிபுணர்கள். கட்டியது யார்? மொத்த இரும்பு 26,500 டன். சீமையிலிருந்து வரவேண்டிய இரும்பை யுத்தம் விழுங்கிவிட்டது. 23,000 டன் ஜாம்ஷெட்பூரிலே உருகி வார்க்கப்பட்டது. உலை வாயிலே வெந்தவன் நம் நாட்டுத் தொழிலாளி. நட்டும் போல்ட்டும் இல்லாமல், பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டுகளை அறைந்தே அத்தனையும் பூட்டினார்கள். அடித்தளம் தோண்டியபோது ஓரிரவு, ராட்சத இரும்புக் கூடு திடுமென இரண்டடி இறங்கியது. கிதர்பூரிலிருந்த கருவி அதைப் பூகம்பமென்றே பதிவு செய்ததாம்! எப்பேர்ப்பட்ட வேலை அது!

1965ல் தாகூர் நினைவாக ரவீந்திர சேது என்று பெயர் சூட்டினார்கள். நல்ல பெயர். மக்கள் நாவிலே இன்றும் ஹௌரா பாலந்தான்.

யுத்தம் அசைக்காத அந்த இரும்பை எச்சில் அரித்தது. ஆம், வெற்றிலை எச்சில்! தொங்குகம்பிகளின் அடியிலுள்ள உலோக மூடிகள் 2007லே 6 மில்லிமீட்டர் கனம். 2011 சோதனையிலே பாதிக்கும் கீழே தேய்ந்திருந்தன. பிறகு கண்ணாடியிழைக் கவசம் போட்டார்கள். துப்பியது யார்? பாபுவும் துப்பினார், பாட்டாளியும் துப்பினான். தன் அண்ணன் அறைந்த ரிவெட்டின்மீது தம்பி துப்பலாமா? மேலிடத்தாரை மட்டும் ஏசி இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

இனி மேலிடத்தார். விடியற்காலையிலே, வண்ண விளக்குகள் அணைந்தபின், பாலத்தடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தைக்குத் தலைச்சுமையோடு ஓடுகிறானே, அவனுக்குப் பாலம் காட்சியல்ல, பதினைந்தடி நடைபாதை. முட்டிமோதி நடக்கும் பாதை. விளக்குக்குப் பணம் ஒதுக்கியவர்களே, அந்த நடைபாதைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? உங்கள் ஒலிக்காட்சியிலே ஜாம்ஷெட்பூர்த் தொழிலாளியின் குரல் எத்தனை நிமிடம் கேட்கிறது?