ஏழு எழுத்து ஊர், பத்து எழுத்துப் பெட்டியில் நுழையாதது ஏன்?

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. அப்போது ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் ஒரு சிறிய யூனிட்டுக்கு டாட் நெட்டில் சம்பளப் பட்டியல் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். மாவட்டத்துக்கான டெக்ஸ்ட் பாக்ஸில் மேக்ஸ்லெங்த் அளவை 10 என வைத்திருந்தேன். ‘வேலூர்’ சிக்கலின்றி ஏறியது. புதிய பெயரோ ‘திருப்பத்த’ என்பதோடு நின்றுவிட்டது. நீளமான சில பெயர்களும் இப்படியே பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. மாதம் முழுக்கத் தைத்தவருக்குச் சம்பளச் சீட்டில் தன் பெயர்கூட முழுதாக இல்லை!

திருப்பத்தூர் என்பதில் 7 எழுத்துகள்தானே? மேக்ஸ்லெங்த் என்றால் அதிகபட்ச ‘கேரக்டர்’ எண்ணிக்கை என்றுதான் விளக்கக் குறிப்பு சொல்கிறது. ஆனால் புரோகிராம் எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை. ‘தி’ நமக்கு ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு ‘த’, இகரக் குறி என இரண்டு. ‘ப்’ என்பதிலும் புள்ளி தனிக் கணக்கு. ஆக மொத்தம் 13.

நீங்களே சோதிக்கலாம். எக்ஸெலில் ஏ1 செல்லில் ‘ராணிப்பேட்டை’ என டைப் செய்யுங்கள். பி1 செல்லில் லென் பங்ஷனை அமைத்து, அடைப்புக்குறிக்குள் ஏ1 எனக் கொடுத்து என்டர் தட்டுங்கள். ஆறு எழுத்துப் பெயருக்கு 12 என விடை வரும்.

பிரவுசர்களிலும் இந்தக் குழப்பம் இருந்தது. மேக்ஸ்லெங்த் குறியீடுகளைத்தான் எண்ண வேண்டும் என்கிறது எச்டிஎம்எல் விதிமுறை. சபாரியின் வெப்கிட் எஞ்சினோ பல ஆண்டுகள், குறியீடுகள் சேர்ந்து உருவாகும் எழுத்தை ஒன்றாகவே எண்ணி வந்தது. எனவே ஒரே படிவம் ஒரு பிரவுசரில் பெயரை ஏற்றது, இன்னொன்றில் தடுத்தது.

தீர்வு என்ன? புரோகிராம் எழுதுபவர்கள், எதிர்பார்க்கும் எழுத்து எண்ணிக்கையைப் போல் மூன்று மடங்கு இடம் விடுங்கள். டேட்டாபேஸ் காலத்தின் அளவையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டுச் சோதித்து விட்டுவிடாதீர்கள். படிவம் நிரப்புபவர்கள், சப்மிட் பட்டனை அழுத்தும் முன் பெயரின் கடைசி எழுத்தை ஒருமுறை பாருங்கள். அங்கே புள்ளி காணாமல் போயிருந்தால் தவறு உங்களுடையது அல்ல.