மலையேறும் வியாபாரிக்கு எந்த சிம்?

அடியேன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்துவிட்டவன். வாரம் இருமுறை ஏற்காடு சென்று அங்குள்ள கடைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுப்பதும், திரும்பும்போது மிளகு, காப்பிக்கொட்டை வாங்கி வருவதும் என் வழக்கம். "மலையில் எந்தக் கம்பெனி நெட் நன்றாக எடுக்கிறது?" என்று நம் அன்பர்கள் பலரும் என்னைக் கேட்கிறார்கள். நான் பொறியாளன் அல்ல. நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சென்ற மாசியில் நாகலூருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ஒரு மூட்டை மிளகுக்கு விலை பேசி முடித்தேன். 42,000 ரூபாய். முன்பெல்லாம் மடியில் ரொக்கம் இருக்கும். இப்போது செல்போன் இருக்கிறதே என்று வெறுங்கையோடு போயிருந்தேன். பணத்தை அனுப்பினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "வரலையேங்க" என்றார் தோட்டக்காரர். அவசரப்பட்டு இரண்டாம் முறையும் அனுப்பினேன். இரண்டு தடவையும் என் கணக்கில் பற்று ஆகிவிட்டது. அவர் கணக்கில் வரவு இல்லை. யு.பி.ஐ.யில் சாதாரணமாக ஒரு நாளைக்கு 1 லட்சம்தான் வரம்பு என்பதால் மூன்றாம் முறை முயலவும் வழியில்லை. அந்த நேரம் பார்த்து ரொக்கத்தோடு வேறொரு வியாபாரி வந்தார். மூட்டை அவர் வண்டியில் ஏறிவிட்டது. தோட்டக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் காலை அவரே போன் செய்து, "ராத்திரி உங்க பணம் ஒண்ணு வந்திருக்குங்க, திருப்பி அனுப்பிடறேன்" என்றார். மற்றொன்று தானாக என் கணக்குக்குத் திரும்பியது. ஆனால் அன்று மாலை லீ பஜாரில் நான் கொடுக்க வேண்டிய பணத்துக்குத் தவணை கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. நாற்பது வருட வியாபாரத்தில் அப்படி நின்றதில்லை.

இங்கே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, யு.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் பற்றாகி அவருக்குப் போய்ச் சேராவிட்டால், மறுநாளுக்குள் அது திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்திய பணமானால் 5 நாள். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். ஆகவே வட்டம் சுற்றினால் மறுபடி அனுப்பாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள்.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தை விசாரித்து அறிந்தேன். வேகம் வேகம் என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அது நமக்கு இரண்டாம்பட்சம். பணம் அனுப்பவும், விலைப்பட்டியல் பார்க்கவும் வேண்டிய நெட் மிகச் சொற்பம். அந்தச் சொற்பம் அறுபடாமல் வர வேண்டும் என்பதே முக்கியம். 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று நம் நாட்டில் தொடங்கியது. சேலம் நகரில் நன்றாக இருக்கலாம். ஆனால் சிக்னல் மெலிந்த இடத்தில் செல்போன் 5ஜியைத் தேடித் தேடி பேட்டரியைத் தின்றுவிடும். மலையேறும் முன் 4ஜியில் நிறுத்தி வைப்பது நல்லது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் எங்கள் கடைப் பையன்தான்.

அலைவரிசை என்று ஒன்று இருக்கிறது. கோயில் திருவிழாவில் பம்பைச் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும், நாயனம் கேட்காது அல்லவா? அதுபோல 700, 800, 900 என்று குறைந்த மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும். சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும். 2300, 3300 என்பவை சரக்கு அதிகம் சுமக்கும், ஆனால் தூரம் போகாது. சுமார் 5,000 அடி உயரமுள்ள ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் சேலம் நகரமே கண்ணுக்குத் தெரியும், சிக்னல் முழுதாக இருக்கும். அடுத்த வளைவில் மலை குறுக்கே வந்துவிடும், எல்லாம் போச்சு. எந்தக் கம்பெனியானாலும் இந்த மறைவு உண்டு. ஆகவே "இந்தக் கம்பெனிதான் சிறந்தது" என்று யாராவது சொன்னால், எந்த வளைவில், எந்த ஊரில் என்று திருப்பிக் கேளுங்கள்.

நான் செய்தது இதுதான். இரண்டு கம்பெனி சிம்களை ஒரே செல்போனில் போட்டுக்கொண்டு, பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து ஒரு மாதம் குறித்தேன். அடிவாரம், ஒவ்வொரு வளைவு, ஒண்டிக்கடை, ஏரிக்கரை, நாகலூர், மஞ்சக்குட்டை என்று இடம் இடமாக எழுதினேன். இரு சிம்முக்கும் ஒரே இடத்தில் உயிர் போவதும், ஒன்று போன இடத்தில் மற்றது பேசுவதும் அதில் தெரிந்தது. ஏன் இரண்டும் ஒன்றாகப் போகின்றன என்று கேட்டதில் கிடைத்த பதில் எனக்கு வியப்பாக இருந்தது. கோபுரங்கள் பலவும் கம்பெனிகளின் சொந்தமல்ல, வாடகைக்கு எடுத்தவை. இண்டஸ் டவர்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒரே கோபுரத்தில் பல கம்பெனிகளுக்கு இடம் கொடுக்கின்றன. ஒரே கிடங்குச் சரக்கை இரண்டு தரகர்களிடம் வாங்கினால் என்ன பயன்? கரண்ட் நெடுநேரம் போய் கோபுரத்துப் பேட்டரி தீர்ந்தால் இரண்டு சிம்மும் சேர்ந்தே படுத்துவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் கைகொடுக்க, இரண்டாவது சிம் வேறு கோபுரத்தை நம்பியிருப்பதாக இருக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2024ல் போட்ட விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் சிக்னல் எட்டும் இடங்களின் வரைபடத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதைப் பாருங்கள், ஆனால் வரைபடத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நம் பேரேட்டுப் பக்கம்தான் கடைசிச் சாட்சி.

மே மாதக் கோடை விழாவின்போது இன்னொரு தொல்லை. சிக்னல் முழுதாகக் காட்டும், நெட் மட்டும் நகராது. கடையில் தராசு ஒன்று, ஆள் நூறு பேர் என்றால் என்ன ஆகும்? அதே கதைதான். கூட்டம் ஒரே கோபுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்காட்டுக் கடைக்கார அன்பர்கள் அந்த நாட்களில் கவனமாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் காட்டும் திரையைப் பார்த்துச் சரக்கைக் கொடுத்துவிடாதீர்கள். பணம் வந்ததைச் சொல்லும் பெட்டிக்குள்ளும் ஒரு சிம்தான் இருக்கிறது. அதற்கும் சிக்னல் வேண்டும். அது பேசாமல் இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கைப் பார்ப்பதே வழி. நெட்டே இல்லாதபோது *99# என்று அழுத்தி, வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து பணம் அனுப்பவும் இருப்புப் பார்க்கவும் முடியும். பேசும் அளவுக்குச் சிக்னல் இருந்தால் போதும். ஆனால் இதற்கு ஒரு தடவைக்கான தொகை வரம்பு குறைவு, மூட்டை வியாபாரத்துக்கு ஆகாது. ஒரு காசோலைத் தாளும் கொஞ்சம் ரொக்கமும் இப்போது என் சட்டைப் பையில் எப்போதும் உண்டு.

இ-வே பில்லை மலையில் நின்று போடலாம் என்று நினைக்க வேண்டாம். நம் மாநிலத்துக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு அது வேண்டும். கடையிலேயே போட்டு, அச்செடுத்து ஓட்டுநர் கையில் கொடுத்துவிடுங்கள்.

சிம் மாற்றுவதில் ஓர் எச்சரிக்கை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை தமிழகமெங்கும் முடங்கியபோது, வங்கிக்கும் ஜி.எஸ்.டி.க்கும் அந்த எண்ணையே கொடுத்திருந்தவர்கள் ஓ.டி.பி. வராமல் தவித்தார்கள். எனவே பதிவு எண்ணை ஒன்றாகவும், நெட்டுக்கு மற்றொரு எண்ணையும் வைத்துக்கொள்வது நலம். எண் மாறாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி முதல் நாடெங்கும் உண்டு. 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பி அதைத் தொடங்கலாம். ஒரு கம்பெனிக்கு வந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். மாறும் நாளில் சில மணி நேரம் சேவை நிற்கும் என்பதால், கணக்குத் தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளை ஒட்டி மாற்றிவிடாதீர்கள். பேசாமல் கிடக்கும் இரண்டாவது சிம்முக்கும் மாதம் ஒரு முறையாவது வேலை கொடுங்கள். இல்லாவிட்டால் எண்ணே பறிபோகலாம்.

இப்போது நாகலூர்த் தோட்டத்துக்குப் போகும்போது, ஒண்டிக்கடையிலேயே முன்பணத்தை அனுப்பி, வரவாயிற்றா என்று போனில் கேட்டுக்கொண்டுதான் மேலே போகிறேன். இந்த ஆண்டு மிளகு எனக்கே கிடைத்தது. குப்பனூர் வழியில் நான் அதிகம் சென்றதில்லை. அந்தப் பாதையில் சரக்கு ஏற்றும் அன்பர்கள் எங்கெங்கே எந்த சிம் எடுக்கிறது என்று குறித்து நமது இதழுக்கு எழுதினால், என் பட்டியலோடு சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.