வாழையடி வாழையாகப் பெருகும் குட்டிக் கள்ளிகள்... அடைமழைக்கு முன் முற்றத்தைவிட்டு நகர்த்துங்கள்!

காரைக்குடிப் பக்கம், கொத்தமங்கலம் போன்ற ஊர்களில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளும் அதிகம். தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத வீட்டுக்கு ஏற்ற செடி எது என்று கேட்டால், பலரும் கள்ளியைத்தான் சொல்வார்கள். முற்றத்து ஓரத்தில் வைத்த தொட்டிக் கள்ளி கோடை முழுக்கக் கம்பீரமாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் பார்த்தால், அடி அழுகிச் சாய்ந்திருக்கும்.

காரணம், வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக்கூரை, மழைநீரை முற்றத்துக்குள் இறக்கும்படி சாய்வாகக் கட்டப்பட்டது. நமக்கு அது வரம். கூரைத் தண்ணீர் மொத்தமும் தொட்டியில் கொட்டினால் கள்ளிக்கு ஆபத்து. தொட்டியில் வளரும் கள்ளிக்குத் தாகத்தைவிட தேங்கும் தண்ணீர்தான் பெரிய எதிரி.

ஆனால், கொத்தாக வளரும் சிறு கள்ளிகளிடம் ஒரு காப்பீடு உண்டு. வாழை பக்கக்கன்று விடுவதுபோல இவை குட்டி போடும். தாய்ச்செடி போனாலும் குட்டியை வைத்து வம்சத்தைக் காப்பாற்றலாம்.

எது எப்படிக் குட்டி போடும்?

திம்பிள் காக்டஸ்: மெக்சிகோவைச் சேர்ந்த மாமிலேரியா வகை. உடம்பெல்லாம் குட்டி ஒட்டியிருக்கும். கை பட்டாலே உதிரும். உதிர்ந்தது கிடந்த இடத்திலேயே வேர் பிடிக்கும்.

லேடிஃபிங்கர் காக்டஸ்: இதுவும் மெக்சிகோ மாமிலேரியாதான். விரல் விரலாக நீண்டு, அடியிலிருந்து கிளைத்துக் கொத்தாகும். முட்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால் அவ்வளவாகக் குத்தாது.

ஆந்தைக்கண் காக்டஸ்: இது வேறு ரகம். உச்சியே இரண்டாகப் பிளந்து ஒரு தலை இரு தலையாகும். பார்க்க ஆந்தையின் இரு கண்கள் போலிருக்கும்.

ஈஸ்டர் லில்லி காக்டஸ்: தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. பந்து போன்ற தாயைச் சுற்றிக் குட்டிகள் உட்கார்ந்திருக்கும். நீளமான பூ மாலையில் விரிந்து மறுநாளே வாடிவிடும்.

பீநட் காக்டஸ்: வேர்க்கடலை போன்ற தண்டுகள் தொட்டிக்கு வெளியே தொங்கும். அர்ஜென்டினா மலைப்பகுதிச் செடி என்பதால் குளிர்காலம் கேட்கும். நம் சமவெளி வெயிலில் பூப்பது அரிது.

மழைக்கு முன் என்ன செய்யலாம்?

புரட்டாசி முடிவதற்குள் தொட்டிகளை முற்றத்திலிருந்து எடுத்து, வெளிச்சம் படும் திண்ணைக்கு மாற்றுங்கள். சாரல் அடிக்காத இடமாக இருக்கட்டும். மழைக்காலத்தில் மண் முழுவதும் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் துளையுள்ள மண்தொட்டி நல்லது. பருமணலும் உடைத்த செங்கல்லும் பாதிக்கு மேல் இருந்தால் தண்ணீர் தேங்காது.

கொத்து அடர்ந்துவிட்டால் நடுவில் காற்று புகாது. ஈரம் தங்கும். மாவுப்பூச்சியும் அங்கேதான் ஒளியும். வாரம் ஒருமுறை இடுக்குகளைப் பாருங்கள்.

அழுகிவிட்டால்...

தொட்டால் கொழகொழவென்று இருந்தால் தாமதிக்க வேண்டாம். தாயும் குட்டியும் ஒரே சதையாக ஒட்டியிருப்பதால் அழுகல் பரவிவிடும். நல்ல குட்டிகளைச் சுத்தமான கத்தியால் வெட்டியெடுங்கள். வெட்டிய இடத்தில் பழுப்புப் புள்ளி தெரிந்தால், அது மறையும் வரை இன்னும் சீவுங்கள். காயம் ஆறி மேல்தோல் கட்ட ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பிறகு காய்ந்த மணல் கலவைமேல் உட்காரவைத்து, சில நாள் கழித்து லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.

செடி நன்றாக இருக்கும்போதே இரண்டு குட்டிகளைப் பிரித்து வேறு தொட்டியில் வைத்துவிடுவது இன்னும் புத்திசாலித்தனம். ஒன்று பக்கத்து வீட்டில் வளர்ந்தால்கூட நல்லதுதான். உங்கள் தொட்டி மழையில் போனாலும், அங்கே போய் ஒரு குட்டி கேட்கலாமே!