மழைக்கால இல்லத்திற்கு ஓர் உலர்பூக் கலவை

பாண்டுப் மேற்கின் குன்றுச் சரிவுகளில் நெருக்கமாய் அமைந்த ஓரறை வீடுகளுக்கு மழைக்காலம் ஒரு சோதனைக் காலமாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரில் ஈரம் கசியும். துவைத்த துணிகள் அறைக்குள்ளேயே காயும். அலமாரியைத் திறந்தால் மக்கிய வாடை வீசும். இதனை மறைக்கப் பலரும் வாங்குவது அந்துருண்டையையும் தெளிப்பான் குப்பிகளையுமே.

அந்துருண்டையைக் குறித்துத் தாய்மார்கள் எச்சரிக்கையாயிருப்பது அவசியம். பெரும்பாலும் அது நாப்தலீன் என்னும் இரசாயனத்தால் ஆனது. ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாயுள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையுடன் வைத்திருந்த துணியை உடுத்துவதாலும்கூட இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, மஞ்சள் காமாலை ஏற்படக்கூடும். பச்சிளங்குழந்தையின் துணி வைக்கும் பெட்டியில் அதனைப் போடவே வேண்டாம்.

ஊதுபத்தியோ சாம்பிராணியோ புகைக்காத நம் இல்லங்களுக்குப் புகையில்லாத எளிய வழியொன்று உண்டு. உலர்ந்த பூவிதழ், இலை, வேர், பட்டை ஆகியவற்றைச் சேர்த்து வைக்கும் கலவையே அது. பிரெஞ்சு மொழியில் இதற்குப் 'போபூரி' என்று பெயர். நேர்ப்பொருள் 'அழுகிய பானை' என்பதாகும். பழங்காலத்தில் வாடிய ரோஜா இதழ்களை உப்புடன் அடுக்கடுக்காய்ப் பானையிலிட்டுப் புளிக்க வைத்தனர். மும்பையின் ஈரக்காற்றுக்கு அம்முறை ஏற்றதன்று. நன்கு உலர்த்திச் செய்யும் முறையே சிறந்தது.

எப்பூ ஏற்றது?

மதுரை மல்லி 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. ஆயினும் மல்லிகையின் மணம் வாடும்போதே பெரும்பாலும் நீங்கிவிடும். பன்னீர் ரோஜாவும் மரிக்கொழுந்தும் உலர்ந்த பின்பும் மணம் காப்பவை. திருமண வீட்டுப் பூங்கொத்திலுள்ள நீண்ட காம்பு ரோஜாக்களை வீணாக்காமல் நிறத்திற்காகச் சேர்க்கலாம். அவற்றில் மணம் குறைவு.

கலவையின் மணம் விரைவில் பறந்துவிடாமல் பிடித்து வைக்க ஒரு பொருள் தேவை. மேல்நாட்டார் இதற்கு ஐரிஸ் செடியின் கிழங்குப் பொடியைச் சேர்ப்பர். நமக்கு வெட்டிவேர் உண்டு. அதன் எண்ணெய் மிக மெதுவாகவே ஆவியாகும். கடலூர் மாவட்டக் கடலோர மணற்பாங்கில் பயிராகும் இவ்வேரைத் துணிகளுக்கிடையே வைப்பது நம் முன்னோர் வழக்கமே.

பூக்களை வாங்கப் பாண்டுப்பிலிருந்து மெதுவான லோக்கல் ரயிலில் ஏறினால் தாதரில் இறங்கலாம். மேற்கு நிலையத்தை ஒட்டியே பூச்சந்தை உள்ளது. அதற்கு முந்தின நிலையமான மாட்டுங்காவிலும் தென்னிந்தியப் பூக்கடைகள் உண்டு.

தேவையானவை

உலர்ந்த பன்னீர் ரோஜா இதழ் – 2 கோப்பை
உலர்ந்த மரிக்கொழுந்து – 1 கோப்பை
நறுக்கிய வெட்டிவேர் – 1 கைப்பிடி
உலர்ந்த ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல் – அரைக் கோப்பை
கிராம்பு – 1 மேசைக்கரண்டி
பட்டை – 2 துண்டு
கிச்சிலிக்கிழங்குப் பொடி – 1 மேசைக்கரண்டி

சமையலுக்கு விதையெடுத்தபின் எஞ்சும் ஏலக்காய்த் தோலையும் சேர்க்கலாம்.

செய்முறை

ஏப்ரல், மே மாதங்களிலேயே இதனை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்; மழை தொடங்கியபின் எதுவும் சரியாய் உலராது. இதழ்களை வெள்ளைத்துணியில் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். நேர்வெயில் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களின் உட்புற வெண்பகுதியைச் சுரண்டியபின் காயவையுங்கள். கையில் எடுத்து நசுக்கினால் இதழ் ஓசையுடன் நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரமிருக்கிறது.

பட்டையையும் கிராம்பையும் ஒன்றிரண்டாய் இடித்து, எல்லாவற்றையும் கலந்து, ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் முக்கால் பாகம் நிரப்பி இறுக மூடுங்கள். வெயில்படாத இடத்தில் 4 வாரங்கள் வைத்து, நாள்தோறும் ஒருமுறை குலுக்குங்கள். பின்பு அகன்ற கிண்ணத்தில் வைக்கலாம். மெல்லிய பருத்தித்துணியில் சிறு பைகளாய்த் தைத்து அலமாரியிலும் இடலாம். மணம் குறைந்தால் இரண்டொரு கிராம்பை இடித்துச் சேர்த்துக் கிளறுங்கள்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

வெண்ணிறப் பூஞ்சை சிறிதளவு தென்பட்டாலும் கலவை முழுவதையும் கொட்டிவிடுங்கள். சிறு பிள்ளைகளின் கைக்கும் அடுப்பின் நெருப்புக்கும் எட்டாமல் வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டிலிருந்தால், முதலில் சிறிதளவே வைத்து, அவருக்கு இருமலோ மூச்சிரைப்போ வருகிறதா என்று பாருங்கள்.

இக்கலவை ஈரத்தைப் போக்காது. அந்துருண்டையைப் போல் பூச்சிகளைக் கொல்வதுமில்லை. மழை ஓய்ந்த வேளைகளில் சன்னல்களைத் திறந்து, கசிவை அடைத்து, அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, துணிகளை முழுவதும் காயவைத்தே மடித்து வையுங்கள். அவ்வாறு ஈரம் குறைந்த வீட்டில்தான் வெட்டிவேரின் மணம் தெளிவாய்த் தெரியும். மக்கிய வாடையின்மேல் எதனைத் தூவினாலும் அவ்வாடை மறுநாளே திரும்பும்.