தரையிலும் உண்டு ஆபத்து!

விமானப் பிரயாணத்தில் ஆபத்தெல்லாம் ஆகாயத்தில்தான் என்று எண்ணுவோர் பலர். இத்தாலியில், மிலான் நகரத்து லினாத்தே விமான நிலையத்தில் நடந்ததைக் கேட்டால் அந்த எண்ணம் மாறிவிடும்.

2001 அக்டோபர் 8. காலை எட்டு மணி. எதிரே இருப்பது தெரியாத மூடுபனி. செஸ்னா என்ற சிறு ஜெட் விமானம் நான்கு பேருடன் புறப்படத் தயாராயிற்று. ‘ஆர்-5’ என்ற வழியில் வரும்படி கட்டுப்பாட்டுக் கோபுரம் உத்தரவிட்டது. விமானியோ ‘ஆர்-6’ வழியில் திரும்பிவிட்டார். அது பெரிய ஓடுபாதையையே குறுக்கே வெட்டிச் செல்லும் வழி!

தரையில் ‘எஸ்-4’ என்ற குறியைக் கண்ட விமானி, அதை ரேடியோவில் சொல்லவும் செய்தார். அந்த ஒரு வார்த்தையே போதும், அத்தனை உயிர்களும் தப்பியிருக்கும். ஆனால் கோபுரத்து அதிகாரியிடம் இருந்த வரைபடத்தில் அந்தக் குறியே கிடையாது! ஒரு குறியைப் போட எவ்வளவு மை செலவாகியிருக்கும்? தரை நடமாட்டத்தைக் காட்டும் பழைய ராடாரையும் கழற்றிவிட்டிருந்தார்கள். புதியது இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. செஸ்னா ஆர்-5ல்தான் நிற்கிறது என்று எண்ணி, மேலே செல்ல உத்தரவு கொடுத்தார் அதிகாரி.

எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு வரிசையைத் தாண்டி, செஸ்னா ஓடுபாதைக்குள் புகுந்தது. அதே சமயம், 110 பேருடன் எஸ்.ஏ.எஸ். கம்பெனியின் எம்.டி.-87 விமானம் அங்கே பாய்ந்து வந்துகொண்டிருந்தது. மோதிய வேகத்தில் அது நிலை தவறி, பிரயாணிகளின் சாமான்களைக் கையாளும் கட்டிடத்தில் போய் முட்டித் தீப்பற்றியது. இரு விமானங்களிலும் இருந்த 114 பேரும், கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்த 4 பேரும் மாண்டனர்.

சில மாதங்கள் கழித்து, லினாத்தேயில் புது ராடார் இயங்கத் தொடங்கியது.